நெஞ்சுச்சளி: ஊதி அளப்பதும் ஊதி எடுப்பதும்

மண்டபத்தில் எங்கள் சித்தி வீட்டில் கருவாட்டுச் சாக்கை உதறினால் போதும், அன்று ராத்திரியே அவருக்கு ஆஸ்துமா இழுப்பு வந்துவிடும். இன்ஹேலரில் பஃப் அடித்தால் விசில் சத்தம் அடங்கும். ஆனாலும், "நெஞ்சுல கோந்து மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்குப்பா" என்பார். அந்தக் கோந்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, கூடவே சளி சுரக்கும் செல்கள் பெருகி, கெட்டியான சளியைக் கொட்டுகின்றன. உடனடி நிவாரண பஃப் தசையைத்தான் தளர்த்தும். அடைத்த சளியை அது கரைக்காது. சிலருக்கு ஒரே இடத்தில் வருஷக்கணக்காக சளி அடைத்திருப்பது சிடி ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. அடைப்பு கூடக்கூட, முதல் வினாடியில் ஊதித் தள்ளும் காற்றும் குறைவு. இதில் வேடிக்கை, அவர்களில் பலர் சளித் தொல்லை என்று சொன்னதே இல்லை. அதனால் உணர்வை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள்.

1. அளப்பது

மெடிக்கலில் பீக் ஃப்ளோ மீட்டர் கிடைக்கும். நாம் ஊதும் காற்றின் உச்ச வேகத்தைக் காட்டும் சின்னக் கருவி அது. முள்ளை அடிக்குத் தள்ளி, எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சு இழுங்கள். வாய்க்குழலை உதடுகளால் இறுக மூடி, ஒரே மூச்சில் 'ஃபூ' என்று வேகமாக ஊத வேண்டும். எவ்வளவு நேரம் ஊதினீர்கள் என்பது இதில் கணக்கில்லை, வேகம்தான் கணக்கு. மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை எழுதுங்கள். சராசரி போட வேண்டாம்.

உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு வாரம் காலையும் மாலையும் இப்படி எழுதினால், அதில் வரும் உச்ச எண்தான் உங்கள் அளவுகோல். அது 300 என்றால் 240க்கு மேல் பச்சை. 150 முதல் 240 வரை மஞ்சள், டாக்டர் எழுதித் தந்தபடி மருந்தைக் கூட்ட வேண்டிய நேரம். 150க்குக் கீழே சிவப்பு, அதாவது அவசரம். ஆஸ்பத்திரியில் செய்யும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனைக்கு இது மாற்று ஆகாது. சின்னக் குழாய்களில் உள்ள அடைப்பு இதில் சரியாகத் தெரியாது.

2. ஊதி எடுப்பது

டாக்டர் சொன்னபடி நிவாரண பஃப் எடுத்து, கால் மணி நேரம் பொறுத்து உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, வயிறு அசையும்படி சாதாரணமாக மூச்சு விடுங்கள். பிறகு மூன்று, நான்கு முறை ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று வினாடி பிடித்து, மெல்ல விடுங்கள். காற்று சளிக்குப் பின்னால் போக அந்த இடைவெளி வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். கண்ணாடியைத் துடைக்க வாயால் ஆவி ஊதுவோமே, அதேபோல் வாயைத் திறந்து 'ஹா...' என்று நீளமாக ஊதுங்கள். இரண்டு முறை போதும். சளி தொண்டைக்கு ஏறினதும் ஒரு இருமல். மறுபடி சாதாரண மூச்சு. பலமாக இருமிப் பயனில்லை: சித்தி முதல் நாள் அடிவயிறு வலிக்க இருமித் தள்ளினார், வந்தது நுரைதான். விசில் கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஆவி பிடிப்பதை நான் சொல்லமாட்டேன். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோனவர்கள் உண்டு.

3. சுரப்பைக் குறைப்பது

இதற்கு தினசரி தடுப்பு இன்ஹேலர்தான். ஸ்பேசரில் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்க்கூடு) ஒரு தடவைக்கு ஒரு பஃப், பிறகு வாய் கொப்பளிப்பது. சளி இல்லாத நாளிலும் விடக்கூடாது. கருவாடு உதறும்போதும் கரிமூட்டப் புகை வரும் பக்கமும் நிற்காதீர்கள்.

சளி மஞ்சளாக இருந்தால் கிருமி என்றே அர்த்தமில்லை. ஆஸ்துமாவின் அழற்சி செல்களாலும் அந்த நிறம் வரும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, பஃப் கேட்கவில்லை என்றால் மீட்டரைத் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள். தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை போகவேண்டும்.