டெபியனுக்குத் தமிழ்க் கையேடு: எந்தக் குறியீட்டு மொழியில் எழுதலாம்?

பென்னாகரம் பக்கம் பழைய கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுத் தரும் நண்பர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாரித்தேன். சிக்னலை நம்ப முடியாத ஊர்கள், அதனால் அச்சுப் பிரதி வேண்டும். தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப் அனுப்பினால்தான் வேலை நடக்கும். எந்தக் குறியீட்டு மொழி (தலைப்பு, பத்தி போன்றவற்றைக் குறிகளால் காட்டி எழுதும் முறை) என்பதைக் கடைசியில் முடிவு செய்ததும் அந்தப் பிடிஎஃப்தான்.

பெரிய திட்டங்களே தங்கள் ஆவணங்களை எழுதும் முறையை மாற்றியிருக்கின்றன. லினக்ஸின் மையமான கெர்னல் 2016-இல் டாக்புக் என்ற குறியீட்டு மொழியை விட்டு ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாறத் தொடங்கியது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் 2021-இல் டாக்புக்கிலிருந்து ஆஸ்கிடாக் என்ற எளிய குறியீட்டு மொழிக்கு வந்தது. டாக்புக் வலுவானதுதான், ஆனால் ஒவ்வொரு பத்திக்கும் டேக் திறந்து மூடியே கை ஓய்ந்துவிடும். புதியவர்களுக்கு வேண்டாம். மார்க்டவுன் என்ற எளிய மொழி ரீட்மீ எனும் சிறு அறிமுகக் கோப்புக்குப் போதும். ஆனால் அதில் எச்சரிக்கைப் பெட்டி வேண்டுமென்றால் கருவிக்குக் கருவி வழி மாறும். ஸ்பிங்ஸில் தலைப்புக்கு அடியில் போடும் கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. தமிழில் உயிர்மெய்க் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் கோட்டுக்கும் எச்சரிக்கை வரும். தாராளமாக நீட்டிப் போட்டுவிடுங்கள்.

என் ஓட்டு ஆஸ்கிடாக்குக்கு. டெபியனில் மென்பொருள் நிறுவும் ஏபிடி வழியாக, ஆஸ்கிடாக் கோப்பை மாற்றித் தரும் ஆஸ்கிடாக்டர் பொதியை நிறுவுங்கள். புதுக் கோப்பில் ஒரு சமக்குறி, இடைவெளி, கையேட்டின் பெயர். இரண்டு சமக்குறி போட்டால் அத்தியாயம். பெயருக்கு அடுத்த வரிகளில் மொழி தமிழ், பொருளடக்கம் வேண்டும், அதன் தலைப்பு ‘பொருளடக்கம்’ என்று அமைப்புகளைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தலைப்பு ஆங்கிலத்தில் வந்து நிற்கும். சேமித்து, ஆஸ்கிடாக்டரை ஓட்டினால் எச்டிஎம்எல் (இணையப் பக்க) கோப்பு தயார்.

இனிமேல்தான் சிக்கல். ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப் என்று தனிக் கருவி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அருமை. ஆனால் அது நம்பியிருக்கும் பிரான் என்ற நிரல் நூலகத்துக்கு இந்திய எழுத்துகளைக் கோத்துத் தரத் தெரியாது. ‘கோப்பு’ என்று எழுதினால் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘பு’ ஓரெழுத்தாகச் சேராமல் பகரம் தனியே, உகரக் குறி தனியே தொங்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை.

வழி எளிது. எச்டிஎம்எல் கோப்பைக் குரோமியம் உலாவியில் திறந்து, அச்சிடு என்பதற்குள் போய்ப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். உலாவிக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியும். கோப்பு வடிவங்களை மாற்றும் பாண்டாக்கும், பக்கம் அமைத்துப் பிடிஎஃப் ஆக்கும் ஸீலேடெக்கும் சேர்ந்தாலும் நன்றாக வரும், ஆனால் ஒரு கையேட்டுக்காக ஸீலேடெக் இருக்கும் அவ்வளவு பெரிய டெக் தொகுப்பை இறக்குவது எனக்கு ஒப்பவில்லை.

பின்சேர்க்கை: செய்து பார்த்தவர்களில் சிலருக்குப் பொருளடக்கமே வரவில்லையாம். கையேட்டின் பெயருக்கும் அமைப்பு வரிகளுக்கும் நடுவே வெற்று வரி விடக் கூடாது. விட்டால் தலைப்பகுதி அங்கேயே முடிந்துவிடும். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள். அப்புறம், அச்சிடும் பெட்டியில் மேல்குறிப்பு, அடிக்குறிப்பு தேர்வை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கணினியின் கோப்புப் பாதை அச்சாகி வரும்.