செகாவின் 'பந்தயம்': படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செகாவின் 'பந்தயம்' கதையைப் பற்றி எழுதச் சொன்னால், "பணத்தால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது என்பதே கருத்து" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டே எழுதக்கூடிய விடை இது.

கதை பணத்தில் தொடங்கவில்லை. ஒரு விருந்தில் மரண தண்டனை சரியா, ஆயுள் தண்டனை சரியா என்று வாக்குவாதம் வருகிறது. அணு அணுவாகச் சாகடிப்பதைவிட ஒரேயடியாகக் கொல்வது இரக்கமானது என்கிறார் வங்கியாளர். எப்படியாவது உயிரோடு இருப்பதே மேல் என்கிறான் 25 வயது வக்கீல். 5 ஆண்டு தனியறையில் இருந்து காட்டினால் 20 லட்சம் தருகிறேன் என்று வங்கியாளர் சூடாக, 15 ஆண்டே இருக்கிறேன் என்று அவன் வீம்பு பேசுகிறான். கூடுதல் 10 ஆண்டுக்கு ஒரு ரூபிள்கூடக் கூடுதலாகக் கிடையாது. இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, பேராசைக்காரப் பணக்காரர் ஓர் அப்பாவியைச் சிறை வைத்தார் என்று எழுதுவது பெரிய பிழை. விருந்தின்போதே வங்கியாளர் அவனை எச்சரிக்கிறார்: கட்டாயச் சிறையைவிடத் தானாக ஏற்ற சிறை கொடியது, எந்த நிமிடமும் வெளியே போகலாம் என்ற நினைப்பே உன்னை வதைக்கும் என்கிறார்.

அப்புறம், அந்த 15 ஆண்டுகளை யார் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டுவிடுவது. கதை 1870 நவம்பர் 14 அன்று தொடங்குவதில்லை. கெடு முடியும் 1885 நவம்பர் 14-க்கு முந்தைய இரவில், கடனில் மூழ்கிய கிழ வங்கியாளர் அறையில் உலாத்தியபடி நினைத்துப் பார்க்கிறார். முதலாண்டில் இரவு பகலாகப் பியானோ ஒலித்தது, ஐந்தாம் ஆண்டில் இரவில் எழுதியதைக் காலையில் கிழித்துப் போட்டான், நான்கே ஆண்டுகளில் சுமார் 600 புத்தகங்கள் படித்தான் என்பதெல்லாம் வெளியிலிருந்து தெரிந்தவை. 600 என்றால் இரண்டரை நாளைக்கு ஒன்று. அறிவுத் தாகமா, வெறியா? கதை சொல்லவில்லை. நாமாக "ஞானம் பெற்றான்" என்று எழுதிவிடுகிறோம்.

கைதியின் மனம் நமக்கு முழுமையாகத் திறப்பது கடைசிக் கடிதத்தில்தான். அதிகம் பேர் விழுவதும் அங்கேதான். உங்கள் நூல்கள் நன்மை என்று சொல்லும் அனைத்தையும் வெறுக்கிறேன் என்று அவன் எழுதியதும், அதையே செகாவின் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். ஊர்களை எரித்தேன், புது மதங்களைப் போதித்தேன், நாடுகளை வென்றேன் என்கிறான். எல்லாம் புத்தகத்துக்குள். ஆள் வங்கியாளரின் தோட்டத்து அறையை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததே இல்லை. நாற்பது வயதில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவன் ஆரோக்கியத்தையும் வெறுக்கிறேன் என்கிறான். புத்தகம் தந்த ஞானத்தால்தான் மற்றவர்களைவிட அறிவாளி ஆனேன் என்றவன், அதே மூச்சில் அந்தப் புத்தகங்களையும் தூக்கி எறிகிறான். என் கணிப்பில் இன்னும் முக்கியமானது வேறு: தன் வெறுப்பைச் செயலில் நிரூபிக்கவே கெடுவுக்கு 5 மணி நேரம் முன்பு வெளியேறி, 20 லட்சத்தை வேண்டாம் என்று விடப் போகிறானாம். இருபத்தைந்தில் அதே வங்கியாளருக்கு எதையோ நிரூபிக்கத்தான் உள்ளே போனான். வீம்பு அப்படியே இருக்கிறது!

இந்தக் கதை 1889 புத்தாண்டு நாளில் 'நோவயே வ்ரேம்யா' நாளிதழில் வெளியானபோது மூன்றாவது பகுதி ஒன்றும் இருந்தது. அதில் வக்கீல் பணம் கேட்டுத் திரும்பி வருகிறான். தொகுப்புக்காகத் திருத்தும்போது செகாவ் அதை நீக்கிவிட்டார். "உண்மையான முடிவு இதுதான்" என்று அதைப் பிடித்துக்கொள்வதும் தவறு. கடிதத்தின் முழக்கத்தை அவரே அப்படியே நம்பிவிடவில்லை என்பதற்குச் சான்றாக வேண்டுமானால் சொல்லலாம்.

சிறைத் தீவான சகாலினில் பார்த்ததை வைத்து எழுதினார் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவர் சகாலினுக்குப் போனது 1890-இல், கதைக்குப் பிறகு.

கடைசியாக வங்கியாளர். 20 லட்சத்தைக் கொடுக்காமல் தப்பிக்க, தூங்குபவனைக் கொல்ல வந்தவர் கடிதத்தைப் படித்து அழுகிறார், அவன் தலையில் முத்தமிடுகிறார், தன்னையே வெறுக்கிறார். உடனே "மனம் திருந்தினார்" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். மறுநாள் அவன் ஜன்னல் வழியே போய்விட்டான் என்று காவலர்கள் சொன்னதும், வீண் பேச்சைத் தவிர்க்க, பணம் வேண்டாம் என்று அவன் எழுதிய அந்தத் தாளை எடுத்துவந்து தீப்பிடிக்காத பெட்டியில் பூட்டுகிறார். முந்தைய இரவு கொலைக்குக் கிளம்பும்போது அறைச் சாவியை எடுத்ததும் அப்படியொரு பெட்டியிலிருந்துதான். திருந்தியவர் எதற்கு இதைப் பத்திரப்படுத்துகிறார்? வெட்கத்தால் என்றும் வாதாடலாம், 20 லட்சத்துக்கான ரசீது என்றும் வாதாடலாம். எந்தப் பக்கம் நின்றாலும் சாவியையும் தாளையும் சேர்த்தே காட்டி எழுதுங்கள்.