கணக்கை மூடும்முன் மறுமொழிகளைப் படியுங்கள்

சென்ற வாரம் சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடி நிலையத்தில், எங்கள் வாசகர் வட்டத்துத் தம்பி ஒருவன் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "அக்கா, ஃபேஸ்புக் கணக்கை அழித்துவிடப் போகிறேன். இனி நிம்மதி" என்றான். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் தேநீர் மேசையில் கொட்டியது.

விலக வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நான் விலகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரவில் தூக்கம் வருகிறது, பெருவிரைவு ரயிலில் புத்தகம் படிக்கிறேன். ஆனால் நான் விலகிய விதம் தவறு. அதே தவறை மற்றவர்களும் செய்யப் போவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கடவுச்சொல் போன்ற, எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை இங்கே சொல்லப்போவதில்லை.

முடக்குவதும் அழிப்பதும் ஒன்று என்று நினைப்பது

ஃபேஸ்புக்கில் கணக்கை முடக்கினால் அது மறைந்திருக்கும், அவ்வளவுதான். மறுபடி உள்ளே நுழைந்தால் உயிர்பெற்றுவிடும். அழிக்கச் சொன்னால் 30 நாள் அவகாசம் உண்டு. மனம் மாறினால் அதற்குள் ரத்து செய்யலாம். அதன் பிறகு அவர்களுடைய கணினிகளிலிருந்து எல்லாம் நீங்க 90 நாள் வரை ஆகலாம். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் நிலைமை வேறு. அங்கே முடக்குவதுதான் அழிப்பதற்கான முதல் படி. கொடுத்த அவகாசத்துக்குள், பொதுவாக 30 நாளுக்குள், திரும்பாவிட்டால் கணக்கு போய்விடும். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்று முடக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடைபெறும் பதிவு எழுதுவது

எழுதாதீர்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கவே திரும்பிப் போவீர்கள்.

எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டோம் என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

என் அப்பா அறுபத்தெட்டு வயதில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டவர். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவார். நான் படம் போட்டால் அடுத்த அரைமணி நேரத்தில் அதன் கீழ் அவருடைய வரி வந்துவிடும். மகள் முதல் நாள் பள்ளிக்குப் போன படத்துக்கு எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். அப்பா மட்டும், "மேலிருந்து மூன்றாவது பித்தானைப் போடவில்லை, பார்" என்று எழுதினார். பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான்.

அப்பா தவறிய மறு ஆண்டு, உறவினர் ஒருவருடன் அந்தத் தளத்தில் எனக்குப் பெரிய வாக்குவாதம். அன்றிரவே விலக முடிவு செய்தேன். பொறுப்பாகத்தான் நடந்துகொள்கிறேன் என்று நம்பினேன். என் தரவுகளின் தொகுப்பைக் கேட்டு வாங்கி, கணினியில் போட்டு, கோப்பின் அளவைப் பார்த்துத் திருப்தியடைந்து, கணக்கை அழித்தேன். திறந்து பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து, அப்பாவின் திதியன்று திறந்தேன். படங்கள் இருந்தன. நான் எழுதிய வரிகள் இருந்தன. அவருடைய வரி ஒன்றுகூட இல்லை.

காரணம் எளியது. இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் நீங்கள் எழுதியதையும் ஏற்றியதையும்தான் தருகின்றன. உங்கள் பதிவின் கீழ் பிறர் எழுதியது அவர்களுடைய எழுத்து என்று கருதப்படுவதால் அதில் சேர்வதில்லை. பதிவு அழியும்போது அதுவும் சேர்ந்து அழிகிறது. 2015இல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்தார்கள். நம் நூல்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. படத்தின் கீழே அப்பா எழுதிய வரிக்கு நான்தான் நூலகம். நான் அதைக் காப்பாற்றவில்லை.

ஆகவே மறைந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் எழுதியிருக்கக்கூடிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சுருங்கியிருக்கும் மறுமொழிகளை விரித்து, திரையைப் படமெடுங்கள். கணினியில் என்றால் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போகும். போகட்டும்.

தொகுப்பைக் கேட்கும்போது இன்னொன்று. ஃபேஸ்புக் எச்டிஎம்எல், ஜேசான் என்று இரண்டு வடிவங்களைத் தருகிறது. எச்டிஎம்எல் வடிவத்தையே கேளுங்கள். உலாவியில் திறந்து படிக்கலாம். ஜேசான் கோப்பைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றைக்கூடக் காண முடியாது, குறியீடுகள்தான் வரிசையாக நிற்கும். அதை மீட்க நிரல் தெரிந்தவர் வேண்டும். காலவரம்பு முழுமையாக இருக்கிறதா, படத்தின் தரம் உயர்வாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வந்த கோப்பைத் திறந்து பத்துப் பதிவுகளையாவது படிக்காமல் கணக்கைத் தொடாதீர்கள்.

ஒரே நிர்வாகியாக இருந்துகொண்டே போவது

அடுக்குமாடி புளோக் குடியிருப்பாளர் பக்கமோ, ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவுக்காகத் தொடங்கிய பக்கமோ உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், அது உங்களோடு போய்விடும். முழு உரிமையுடன் இன்னொருவரைச் சேர்த்துவிட்டு விலகுங்கள்.

தொலைபேசி எண் வாங்காமல் போவது

தஞ்சாவூர்ச் சித்தியின் எண் உங்களிடம் இருக்கிறதா?

மற்றச் செயலிகளின் சாவியை மறப்பது

இறுதியாக, "ஃபேஸ்புக் மூலம் நுழைக" என்று எங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்கு போனால் அந்த வாசல்களும் அடைபடும். பழைய பொருள் விற்கும் செயலி, பாட்டுச் செயலி, பிள்ளையின் விளையாட்டு எல்லாவற்றிலும் மின்னஞ்சல் வழியே நுழைய முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக் அமைப்புகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தேக்காவில் மேசையைத் துடைத்துவிட்டு அந்தத் தம்பியோடு உட்கார்ந்து எண்ணினேன். ஏழு செயலிகள் இருந்தன. அழிப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறான். அவன் பாட்டி 2017 தீபாவளிப் படத்தின் கீழ் எழுதிய வரியை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான்.