‘எல்லா’வும் ‘ஏதேனும் ஒன்று’ம்: கணிமைக் கோட்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மொழி (சரங்களின் கணம்) ஒழுங்கு மொழி அன்று, அதாவது முடிவுள்ள எண்ணிக்கையில் நிலைகள் கொண்ட எந்தத் தானியங்கியாலும் அதை இனங்காண முடியாது என நிறுவச் சொன்னால், “ப-வின் மதிப்பை 3 எனக் கொள்வோம்” என்று தொடங்கும் விடைகளை (ப என்பது தானியங்கியின் நிலைகளின் எண்ணிக்கை) நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த ஒரு வரியிலேயே நிரூபணம் உடைந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு கவனமாக எழுதினாலும், 3 நிலைகள் கொண்ட தானியங்கி போதாது என்பதற்கு மேல் அந்த விடை எதையும் சொல்வதில்லை. 300 நிலைகள் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தவறு கணக்கில் இல்லை. எந்த எழுத்து ‘எல்லா மதிப்புகளுக்கும்’ நிற்கிறது, எது ‘ஏதேனும் ஒன்றை’க் குறிக்கிறது என்று பிரித்துப் பார்க்காததில்தான் இருக்கிறது. தானியங்கிகள், குறியீடுகள், கணிக்கத்தக்க தன்மை என இப்பாடத்தின் எந்தப் பகுதியை எடுத்தாலும், மாணவர்கள் இடறும் இடங்களுள் முக்கியமானவை இந்தக் குழப்பத்திலிருந்தே முளைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய நிரூபணங்களின் கருவியான பம்பிங் லெம்மாவையே நெருங்கிப் பார்ப்போம். ப நிலைகள் உள்ள ஒரு தானியங்கி ப குறிகளைப் படிக்கும்போது, தொடக்க நிலையையும் சேர்த்து ப + 1 முறை ஏதோ ஒரு நிலையில் நிற்கிறது. ஆகவே ஏதேனும் ஒரு நிலை திரும்ப வந்தே தீர வேண்டும். அந்த இரு வருகைகளுக்கு இடையில் படித்த துண்டை எத்தனை முறை திருப்பிப் படித்தாலும், அல்லது அறவே நீக்கினாலும், தானியங்கிக்கு வேறுபாடு தெரியாது. லெம்மா சொல்வது இவ்வளவுதான். இதைப் பயன்படுத்தி ஒரு மொழியை மறுக்கும்போது, நமக்கும் ஓர் எதிராளிக்கும் இடையே நான்கு நகர்வுகள் நடப்பதாக எண்ணிக்கொள்வது நல்லது. ப-வை எதிராளி தேர்ந்தெடுப்பார். அதைப் பார்த்தபின் மொழியிலிருந்து, ப குறிகளுக்குக் குறையாத ஒரு சரத்தை நாம் தருவோம். அந்தச் சரத்தை முன், நடு, பின் என மூன்றாகப் பிரிப்பது எதிராளியின் உரிமை. நடுத்துண்டை எத்தனை முறை திருப்புவது என்பது மட்டுமே மீண்டும் நம் கையில் இருக்கிறது. எதிராளிக்கும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: நடுத்துண்டு வெறுமையாக இருக்கக் கூடாது, முன்னும் நடுவும் சேர்ந்து ப குறிகளுக்கு மேல் போகக் கூடாது.

இப்போது, 0-களின் எண்ணிக்கையும் 1-களின் எண்ணிக்கையும் சமமாக உள்ள சரங்களின் மொழியை எடுத்துக்கொள்வோம். 01 என்பதை ப முறை அடுக்கிய சரத்தை ஒருவர் தருகிறார். அது மொழியில் இருக்கிறது, போதிய நீளமும் இருக்கிறது. ஆனால் எதிராளி முதல் 01-ஐயே நடுத்துண்டாகப் பிடித்துக்கொள்வார். அதை எத்தனை முறை திருப்பினாலும் 0-களும் 1-களும் சமமாகவே இருக்கும். நமக்கு முரண்பாடு கிடைக்காது. இதிலிருந்து மொழி ஒழுங்கானது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நாம் கொடுத்த சரம்தான் பொருத்தமற்றது. ப 0-களை எழுதி அவற்றின் பின் ப 1-களை எழுதியிருந்தால், முதல் ப குறிகளுக்குள் எதிராளி எங்கே வெட்டினாலும் நடுத்துண்டில் 0-கள் மட்டுமே சிக்கும். ஒருமுறை திருப்பியவுடன் சமநிலை குலையும். இரண்டாவது கட்டுப்பாட்டை மறந்தவர்கள் இங்கே “நடுத்துண்டு 0-களில் இருந்தால், 1-களில் இருந்தால், இரண்டின் எல்லையில் இருந்தால்” என மூன்று நிலைமைகளை ஆராயத் தொடங்குவார்கள். எல்லையில் உள்ள 01-ஐ நடுத்துண்டாகக் கொண்டால் எண்ணிக்கை மாறாது என்பதால், அவர்களின் நிரூபணம் அந்த மூன்றாவது நிலைமையில் சிக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டுப்பாடு அலங்காரத்துக்காக எழுதப்பட்டதன்று.

லெம்மாவைத் தலைகீழாகப் பயன்படுத்துவதும் தவறு. ஒழுங்கு மொழிகள் எல்லாம் பம்பிங் பண்பை உடையவை. ஆனால் அப்பண்பை உடையவை எல்லாம் ஒழுங்கு மொழிகள் அல்ல. முதலில் சில 0-கள், பிறகு சில 1-கள், பிறகு சில 2-கள் என வரும் சரங்களை (இவற்றில் எதுவும் அறவே இல்லாமலும் இருக்கலாம்) எடுத்து, சரியாக ஒரே ஒரு 0 இருக்கும்போது மட்டும் 1-களும் 2-களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று விதிப்போம். இம்மொழி ப = 2 என்ற அளவிலேயே லெம்மாவின் நிபந்தனைகளை நிறைவு செய்கிறது; ஆயினும் இது ஒழுங்கு மொழி அன்று. ஐயம் இருப்பவர்கள் ஒரே ஒரு 0-வுடன் தொடங்கும் சரங்களை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கட்டும்.

உட்கணம் பற்றிய தவறு எளியது. ஆனால் ஓயாமல் வருகிறது. ஒழுங்கு மொழியின் உட்கணமும் ஒழுங்காக இருக்கும் என்று எழுதுகிறவர்கள், எல்லாச் சரங்களையும் கொண்ட மொழியே ஓர் ஒழுங்கு மொழி என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்: எந்த மொழியும் அதன் உட்கணம்தானே!

ரேபினும் ஸ்காட்டும் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் அறிமுகமான தீர்மானமற்ற தானியங்கியில் (ஒரே குறியைப் படித்துப் பல நிலைகளுக்குப் போகக்கூடிய தானியங்கியில்) ‘உண்டு’ என்ற சொல்லே வரையறையாக இருக்கிறது: ஏற்பு நிலையில் முடியும் பாதை ஒன்றேனும் இருந்தால் சரம் ஏற்கப்படும். ஆகையால், ஏற்பு நிலைகளையும் ஏலாத நிலைகளையும் இடம் மாற்றினால் நிரப்பு மொழி (ஏற்கப்படாத சரங்களின் மொழி) கிடைத்துவிடும் என்ற குறுக்குவழி இங்கே செல்லாது. 1-இல் முடியும் சரங்களை ஏற்கும் இரண்டு நிலைத் தானியங்கி ஒன்றை வரைந்து பாருங்கள். முதல் நிலை 0, 1 இரண்டையும் படித்துத் தன்னிடமே திரும்புகிறது; 1-ஐப் படிக்கும்போது விரும்பினால் இரண்டாம் நிலைக்கும் தாவலாம்; இரண்டாம் நிலையே ஏற்பு நிலை. இப்போது முதல் நிலையை ஏற்பு நிலையாக மாற்றினால், எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் முதல் நிலையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பாதை ஒன்று உண்டு. எனவே 1 என்ற சரம் உட்பட எல்லாமே ஏற்கப்பட்டுவிடும். ‘ஒரு பாதை உண்டு’ என்பதன் மறுப்பு ‘எந்தப் பாதையும் இல்லை’ என்பதே. முதலில் அதைத் தீர்மானமுள்ள தானியங்கியாக மாற்றிவிட்டு, அதன்பின் இடம் மாற்றுவதே முறை.

குறியீட்டுக் கோட்பாட்டில் இதே குழப்பம் கிராஃப்ட் சமனின்மையைச் சுற்றி வருகிறது. 0, 1 என்ற இரு குறிகளால் ஆன குறிச்சொற்களின் நீளங்கள் 1, 2, 2 என்றால், நீளம் ல உள்ள சொல்லுக்கு 1/2^ல எனக் கூட்டினால் வரும் 1/2 + 1/4 + 1/4 என்ற கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டவில்லை. ஆகவே அந்த நீளங்களில் முன்னொட்டுக் குறியீடு (எந்தச் சொல்லும் மற்றொன்றின் தொடக்கமாக அமையாத குறியீடு) ஒன்று இருக்கிறது என்பது 1949-இல் கிராஃப்ட் நிறுவிய முடிவு. 0, 10, 11 என்பது அப்படிப்பட்ட ஒன்று. ஆனால் கையில் இருக்கும் குறியீடு 0, 01, 10 என்றால்? நீளங்கள் அவையே, கூட்டுத்தொகையும் அதுவே. ஆயினும் 010 என்று ஒரு செய்தி வந்தால் அது 0-வும் 10-உமா, 01-உம் 0-வுமா என்று சொல்ல வழியில்லை. சமனின்மை நீளங்களைப் பற்றிப் பேசுகிறது, குறிப்பிட்ட குறியீட்டைப் பற்றி அன்று. முன்னொட்டுக் குறியீடாக இல்லாதது எல்லாமே குழப்பமானது என்று எண்ணுவதும் சரியன்று. 0, 01, 11 என்ற குறியீட்டில் 0 என்பது 01-இன் முன்னொட்டு. இருந்தும் 0-வுக்குப் பின் தொடர்ந்து வரும் 1-களை எண்ணி, இரட்டைப்படை என்றால் 0 தனிச்சொல், ஒற்றைப்படை என்றால் 01 என்று ஐயமின்றிப் பிரிக்கலாம். அந்த 1-கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே குறை.

கணிக்கத்தக்க தன்மைக்கு வந்தால், முதலில் ரிடக்‌ஷனின் திசையை, அதாவது எந்தச் சிக்கலை எதுவாக உருமாற்றுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு புதிய சிக்கல் தீர்மானிக்க இயலாதது (எல்லா உள்ளீடுகளுக்கும் நின்று சரியான விடை தரும் நிரல் இல்லாதது) என நிறுவ, இயலாதது என ஏற்கெனவே தெரிந்த சிக்கலைப் புதியதாக உருமாற்ற வேண்டும். புதியதை நிற்றல் சிக்கலாக (கொடுத்த நிரல் கொடுத்த உள்ளீட்டில் நிற்குமா என்ற கேள்வியாக) மாற்றிக் காட்டுகிறவர், நிற்றல் சிக்கலைத் தீர்த்தால் இதையும் தீர்க்கலாம் என்று மட்டுமே சொல்கிறார். மிக எளிய சிக்கலுக்கும் அது பொருந்தும். அற்பமல்லாத எந்தப் பண்பும் தீர்மானிக்க இயலாதது என்று கூறும் ரைஸ் தேற்றத்தையும் கண்ட இடத்தில் எல்லாம் கூப்பிடக் கூடாது: அது டூரிங் எந்திரம் ஏற்கும் மொழியின் பண்புகளுக்கு உரியது. கொடுத்த எந்திரத்தில் 100 நிலைகள் இருக்கின்றனவா, கொடுத்த உள்ளீட்டில் அது 1000 படிகளுக்குள் நிற்குமா என்பவை தீர்மானிக்கக்கூடிய கேள்விகளே.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய தவறு, ஒரு தனி நிரலைக் காட்டி “இது நிற்குமா என்பது தீர்மானிக்க இயலாதது” என்று சொல்வது. 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முயன்று, முடியாத ஓர் எண் கிடைத்தவுடன் நிற்கும் நிரல் ஒன்றை எழுதுவோம். அது நிற்குமா என்பது கோல்ட்பாக் ஊகத்தைப் பொறுத்தது. 1742 முதல் விடை தெரியாத கேள்வி அது. ஆனால் கோட்பாட்டின் பார்வையில் இந்தத் தனிக் கேள்வி தீர்மானிக்கக்கூடியதே. ‘நிற்கும்’ என்று மட்டும் அச்சிடும் ஒருவரி நிரல் ஒன்று, ‘நிற்காது’ என்று மட்டும் அச்சிடும் ஒருவரி நிரல் ஒன்று; இரண்டில் ஒன்று சரியான விடையைத் தருகிறது. எல்லா நிரல்களுக்கும் எல்லா உள்ளீடுகளுக்கும் பொருந்தும் ஒரே வழிமுறை இல்லை என்பதே நிற்றல் சிக்கல் பற்றிய முடிவு. டூரிங்கின் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த முடிவு அது.

இதைக் கேட்டு ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கைத் தருவேன். ன என்ற எண்ணைக் கொடுத்தால், பை-யின் பதின்ம விரிவில் எங்கேனும் ன 7-கள் தொடர்ச்சியாக வருமானால் 1 என்றும், வராவிட்டால் 0 என்றும் விடை தரும் சார்பு கணிக்கத்தக்கதா? பை-யின் இலக்கங்களைத் தேடிக்கொண்டே போகும் நிரலை எழுதினால், 7-கள் கிடைக்காதபோது அது நிற்காது. ஆகவே கணிக்க முடியாது என்று பலர் விடை எழுதுகிறார்கள். ஆனால் ன 7-கள் தொடர்ந்து வந்தால், அதற்குக் குறைவான எண்ணிக்கையும் அவற்றுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எனவே இச்சார்பு ஒன்று எப்போதும் 1 தரும், அல்லது ஏதோ ஓர் எல்லைவரை 1 தந்து அதன்பின் 0 தரும். வேறு வகை இல்லை; இவற்றில் எதை எடுத்தாலும் அதற்கு இரண்டு மூன்று வரிகளில் நிரல் எழுதிவிடலாம். சரியானது எது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் சார்பு கணிக்கத்தக்கது, ஏனெனில் வரையறை கேட்பது அப்படி ஒரு நிரல் உண்டா என்பதைத்தான், அதை நாம் அடையாளம் காட்ட முடியுமா என்பதை அன்று.