செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறப் போகிறவர்களுக்கு

மலை உயரம் சுமார் 800 அடிதான். ஆட்களைத் திருப்பி அனுப்புவது உயரமல்ல, வெயில். சுற்றிலும் மொட்டைப் பாறை. பத்து மணிக்கு மேல் அது தோசைக்கல் மாதிரி சுடும். எனவே, வாசல் திறந்ததும் நேரே மலைக்குப் போய்விடுங்கள். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், குதிரை லாயம் எல்லாம் அடிவாரத்தில்தான்; இறங்கிய பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பாதி மலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மலையேற அனுமதிக்க மாட்டார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைத் தோள்பையில் மூடி வையுங்கள். கையில் பாட்டிலோ பிஸ்கட் பொட்டலமோ தெரிந்தால் குரங்குகள் பறித்துவிடும். படிகள் ஒரே அளவில் இல்லை, சில முழங்கால் உயரம். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். மழை நாளில் தேய்ந்த படி வழுக்கும், இறங்கும்போதுதான் ஆபத்து.

உச்சிக்குச் சற்று முன்னே பாறை பிளந்து ஆழமான பள்ளம். ஒரு சிறு பாலம்தான் வழி. அங்கே நின்று கீழே பாருங்கள்: பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698 வரை காத்துக் கிடந்த காரணம் அப்போது புரியும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் எதிரே உள்ள கிருஷ்ணகிரி மலைக்குப் போகலாம், உயரம் குறைவு.