மர லோ விசிலை விற்கிறீர்களா? முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

லோ விசில் என்பது நேராகப் பிடித்து ஊதும், ஆறு துளைகள் கொண்ட, தாழ்ந்த குரலுள்ள ஐரிஷ் குழல். கையால் கடைந்த மர லோ விசிலை விற்க முடிவு செய்தவர் செய்யும் முதல் வேலை, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. பல விற்பனைகள் அங்கேயே கெட்டுப்போகின்றன. என்னுடையதும் அப்படித்தான் கெட்டது.

அது பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தில் கடைந்த லோ டி, அதாவது அடி ஸ்வரம் டி (D) ஆக உள்ள லோ விசில். வாய் வைத்து ஊதும் இடத்துக்குச் சற்றுக் கீழே செவ்வகமாக ஒரு சன்னல் இருக்கும். அதன் கீழ் ஓரம் கத்திபோலச் சரிந்து முடியும். மூச்சு அந்த முனையில் மோதிப் பிளக்கும்போதுதான் ஒலி பிறக்கிறது. என் விசிலில் அந்த முனை கறுத்திருந்தது. நைஸ் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தேன். கறை போனது, கூடவே அடி ஸ்வரமும் போனது. ஆறு துளைகளையும் மூடி ஊதினால் விரல் நுனிகளில் அதிரும் டி, வெறும் காற்றாகச் சீறியது. ஒரு தாளின் தடிமன் அளவு மரம் குறைந்தாலே குரல் மாறிவிடும் இடம் அது. செய்தவரிடமே திருப்பி அனுப்பித்தான் சரிசெய்ய முடிந்தது.

அதனால் சன்னல், அதற்கு மூச்சைக் கொண்டுபோகும் குறுகிய காற்றுவழி, அந்த வழிக்கு அடித்தளமாக இருக்கும் கட்டை, இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். வெளிப்புறத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வருடக்கணக்கில் விரல் பட்டு மரம் கறுத்திருப்பது அழுக்கு அல்ல.

எண்ணெய் அடுத்த வம்பு. நம் வீடுகளில் சட்டென்று கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குளிர்நாட்டில் இருப்பவருக்கு விற்றால் துளைக்குள் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். உட்புறம் வறண்டிருந்தால் பாதாம் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, அதுவும் விரல் துளைகள் உள்ள கீழ்த்துண்டுக்கு மட்டும். கட்டை தேவதாரு வகை மரமாக இருந்தால் மூச்சின் ஈரத்தை அதுதான் உறிஞ்ச வேண்டும். எண்ணெய் ஊறிய கட்டை உறிஞ்சாது. இரண்டு நிமிடம் ஊதியதும் காற்றுவழியில் நீர் முத்துக் கட்டி குரல் அடைத்துக்கொள்ளும்.

விரிசலை மறைப்பது தவறு மட்டுமல்ல, வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். நன்றாக ஒட்டிச் சரிசெய்த விரிசல் விசிலின் மதிப்பைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மறைத்த விரிசல் உங்கள் பெயரையே கெடுத்துவிடும். தலைப்பகுதியும் உடலும் சேரும் மூட்டில்தான் முதலில் பாருங்கள். பிறகு கீழ்த்துண்டின் துளைகளையும் அடியையும் காற்றுப் புகாமல் மூடி, மேல்முனையில் உறிஞ்சிப் பாருங்கள். உதடு கவ்விப் பிடித்தால் நல்லது. காற்று கசிந்துகொண்டே இருந்தால் எங்கோ பிளவு இருக்கிறது என்று பொருள்.

விவரம் எழுதும்போது ‘லோ டி, நல்ல நிலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நம்மூர்ப் புல்லாங்குழல்காரர் இதைப் படித்தால் இரண்டு கட்டைச் சுருதிக் குழல், அதாவது ஸட்ஜம் டி-யில் உள்ள குழல் என்று எடுத்துக்கொள்வார். விசிலுக்குப் பெயர் ஆறு துளைகளையும் மூடினால் வரும் ஸ்வரத்தை வைத்து. கர்நாடகக் குழலிலோ மேலே இரண்டு துளைகளை மூடினால் வருவது ஸட்ஜம். அவர் பழகிய விரல்வைப்பில் இந்த டி விசிலை ஊதினால் ஸட்ஜம் ஏ-யில், அதாவது ஆறு கட்டையில் போய் விழும். தமிழ் வாசிப்பவர்களுக்கு விற்கிறீர்கள் என்றால் இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து மில்லிமீட்டரில் போடுங்கள். லோ டி-யில் விரல்களை நன்றாக விரிக்க வேண்டும். சிறிய கைக்காரர் வாங்கிய மறுவாரமே திருப்பி அனுப்புவதற்கு இதுதான் காரணம்.

சுருதி 440-க்கு (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவுக்கு) நிற்கிறதா என்பதோடு, எந்த வெப்பநிலையில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும்.

இன்னொன்று, மர விசிலை உலோக விசிலின் பாஷையில் விளம்பரப்படுத்துவது. இன்றைய லோ விசிலின் பிறப்பிலேயே இந்திய மூங்கிலுக்குப் பங்கு உண்டு. ஐரிஷ் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரியின் இந்திய மூங்கில் குழல் பாழாகிவிட, அதற்கு ஈடாக 1971-இல் பெர்னார்ட் ஓவர்டன் அலுமினியத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து பலர் காதிலும் லோ விசில் என்றால் அலுமினியக் குரல்தான். அதை எதிர்பார்த்து வாங்குபவருக்கு மரத்தின் குரல் ஏமாற்றமாக இருக்கலாம். எழுதுவதைவிட ஊதிக் காட்டுங்கள். கைபேசிப் பதிவு போதும், எதிரொலி சேர்க்காதீர்கள். அடி டி-யை மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள், இரண்டாம் ஸ்தாயியின் உச்சி வரை ஏறுங்கள். கடைசியில் நிதானமாக ஒரு பாட்டு.

மரத்தின் பெயரை யூகித்து எழுதாதீர்கள். நம் ஈட்டி மரம், ஆப்பிரிக்க பிளாக்வுட், கோகோபோலோ எல்லாம் டால்பெர்ஜியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. 2017 முதல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது, ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. பழைய விசிலில் யானைத் தந்த வளையம் இருந்தால் எல்லை தாண்டி அனுப்பும் எண்ணத்தையே விடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, செய்தவர் இன்று புதியதற்கு என்ன கேட்கிறார், எத்தனை மாதம் காக்க வைக்கிறார் என்று விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பெட்டியில் இரண்டு வருடம் தூங்கிய விசிலை ஒரே நாளில் மூன்று பேர் அரைமணி நேரம் வீதம் ஊதிப் பார்க்க விடாதீர்கள். உலர்ந்த மரம் உள்ளே ஈரத்தில் உப்பும், வெளியே உப்பாது, பிளந்துவிடும். விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே நீங்கள் தினமும் பத்து நிமிடம் ஊதிப் பழக்குங்கள். அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தி, துடைத்து, ஆறவிடுங்கள். மூட்டில் கழற்றி, இரு துண்டுகளையும் தனித்தனியாகச் சுற்றி, பிவிசி குழாய்க்குள் அசையாமல் வையுங்கள். கூடவே ஒரு சீட்டு: ‘முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம்.’