வீட்டில் ஒரு வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாரம் முழுக்க வீட்டிலேயே இருக்கக் கிடைத்தால், நாம் முதலில் கைவிடுவது எழுந்திருக்கும் நேரத்தைத்தான். வாரம் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அதனால்தான். இரண்டு நாள் பத்து மணி வரை தூங்கினால், மூன்றாம் நாள் நள்ளிரவு தாண்டியும் கண் மூடாது. நம் உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அதிலும் காலை வெளிச்சத்தை வைத்து. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டாது. வெளியிலோ மேகமூட்டமான பகலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே கிடந்தால், பகல் எது இரவு எது என்று உடம்புக்குக் குழம்பிவிடும்.

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக எழுந்தால் பெரிய பாதகம் இல்லை. இன்னும் அசதியாக இருக்கிறதா, சரி, மதியம் கண் அயரலாம். ஆனால் 20, 30 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே விழிப்பு வந்து, தலை கனத்து, படுக்கும் முன் இருந்ததைவிட மந்தமாக இருக்கும்.

அடுத்த தவறு, ‘ஒரு வாரம் இருக்கிறதே’ என்று நீளமாக ஒரு பட்டியல் போடுவது. எந்த வேலைக்கும் ஆகும் நேரத்தை நாம் குறைத்தே கணக்கிடுகிறோம் என்பதை டேனியல் கானிமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே எழுதிவைத்தார்கள். போன தடவை எவ்வளவு நேரம் இழுத்தது என்று நன்றாக நினைவிருந்தாலும், இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனம் நம்புகிறது. அதனால் ஒரு வாரத்துக்கு இரண்டு பெரிய வேலை போதும். அலமாரியை ஒழுங்குபடுத்துவதென்றால் ஒரு தட்டு மட்டும். மொத்தத்தையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பாதியில் சோர்ந்து போனால், இருந்ததைவிட மோசமான குவியலோடு மீதி நாட்களை ஓட்ட வேண்டிவரும்.

சுத்தம் செய்யும்போது ஒன்றில் மட்டும் கவனக்குறைவே கூடாது. கறை சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூச்சு அடைப்பது போல நெடி வந்தால், மூடி எங்கே வாளி எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.

உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. பெருக்குவது, துடைப்பது, படியேறுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

அப்புறம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நமக்கு அது விடுமுறை, ஆனால் தினமும் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு அப்படி இல்லை. அவருக்கு வேலை கூடத்தான் செய்கிறது. எந்த வேலையை எப்போது செய்வது, எதை எங்கே வைப்பது என்று அவர் ஓர் ஒழுங்கு வைத்திருப்பார். வழக்கமாக வெளியில் இருப்பவர் திடீரென்று நாள் முழுக்க வீட்டில் இருந்துகொண்டு, ‘இதை ஏன் இங்கே வைத்தாய், அதை இப்படிச் செய்தால் சுலபம்’ என்று ஆரம்பித்தால், உதவ நினைத்துச் சொன்னாலும் அது குறை சொல்வதாகவே போய்ச் சேரும். முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாமல் கவனித்துப் பாருங்கள். எது தீரப்போகிறது, எதை எப்போது ஊறவைக்க வேண்டும், யாருக்கு என்ன மருந்து என்று அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் வேலை அப்போதுதான் நம் கண்ணில் படும்.

‘நான் ஏதாவது செய்யட்டுமா?’ என்று கேட்பதும் போதாது, என்ன செய்யச் சொல்லலாம் என்று யோசிக்கும் பாரமும் அவர் தலையிலேயே விழும். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்ளுங்கள். துணி என்றால், துவைப்பதோடு விடாமல் காயவைத்து, மடித்து, அவரவர் இடத்தில் வைப்பது வரை. ஒரு நாளாவது வீட்டை முழுவதும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருக்கிறது என்பதை அதற்கு முந்தின நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், ஓய்வெடுப்பவரை மணிக்கொரு தரம் கூப்பிட வேண்டியிருக்காது.